கிணற்றில் போட்ட உப்பு

சாமுண்டீஸ்வரி வீட்டில் இரண்டு வருடமாகத் துவரம்பருப்பு வேகவில்லை. குக்கரில் வைத்தாலும் வேகவில்லை, முதல் நாள் ராத்திரியே ஊற வைத்தாலும் வேகவில்லை. அடுப்பில் விசில் அடிக்க ஆரம்பித்தால் எதிர் வீட்டுக்காரர்கள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பருப்பின்மேல் பழி போட முடியாது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே கடைப் பருப்புதான். பழி கிணற்றுத் தண்ணீர்மேல்தான் விழுந்தது.

அந்தத் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று மாதாமாதம் சொல்ல வேண்டிய வேலை சுபத்ராவுக்கு. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் வில்பிரட் சார் நடத்தும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவள் கெமிஸ்ட். படித்தவள், கைசுத்தம் உள்ளவள், சோதனையில் ஒரு சொட்டுத் தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து செய்கிறவள். அப்படிப்பட்டவளே ஒவ்வொரு மாதமும் சாமுண்டீஸ்வரி வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போது, திருடப் போகிறவள் மாதிரி ஒரு நிமிஷம் தயங்கினாள்.

"இன்னா சுபத்ரா, இந்த மாசமும் அதே பாட்டுதானா?" என்றார் சாமுண்டீஸ்வரி.

"எல்லைக்குள்ளதான் இருக்கு அக்கா."

"எல்லையாம் எல்லை. என் நாக்குக்குத் தெரியாத எல்லை உன் காயிதத்துக்குத் தெரிஞ்சிபோச்சா? இந்தா, காப்பி குடி. குடிச்சிட்டு அப்பால சொல்லு."

சுபத்ரா குடித்தாள். காப்பியின் அடியில் உப்பு கரித்தது. தம்ளரைக் கழுவி வைத்தாள்.

"ஆடி போவட்டும்னு கீறாரு அவரு. ஆவணி மொத முகூர்த்தத்துல லாரி மண்ணு அடிச்சி மூடிட்டு, அது மேல காருக்கு ஷெட்டு போடப் போறாராம். நல்ல தண்ணின்னு நீங்க எழுதிக் குடுக்குறீங்க, குடிக்க முடியலன்னு நான் சொல்றேன். எதுக்கு இந்தப் பேஜாருன்னு கேக்குறாரு." சாமுண்டீஸ்வரி கிணற்றுப் பக்கம் பார்த்தார். "இந்தக் கெணத்துலதான் இந்தத் தெரு மொத்தமும் தண்ணி எடுத்துச்சி. இப்ப காக்கா கூட வரல."

அவர் என்றால் பொன்னுரங்கம், அவருடைய கணவர். பூர்வீகமாக அந்த ஊர்க்காரர்கள். ஒரு காலத்தில் நெல் விளைந்த அவர்கள் நிலம், இப்போது மனைகளாகி வீடுகளாகிவிட்டது. பாகம் பிரித்தபோது பக்கத்து மனை பொன்னுரங்கத்தின் தம்பி சம்பத்துக்குப் போயிற்று. சம்பத் அதில் ஆழ்துளைக் கிணறு போட்டு, கேன் தண்ணீர் கம்பெனி ஆரம்பித்தார். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து நல்லதைக் கேனில் அடைத்து அனுப்பினால், பிரித்த உப்பெல்லாம் சேர்ந்த கழிவுத் தண்ணீர் மிஞ்சும். அதைக் கொல்லைப்புறத்தில் ஒரு குழி வெட்டி மண்ணுக்குள் விட்டார். குழிக்கும் அண்ணி வீட்டுக் கிணற்றுக்கும் நடுவில் ஒரு மதில்தான்.

கம்பெனி திறந்தபோதே குடியிருப்போர் சங்கம் ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டது. குழி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், நிலத்தடித் தண்ணீர் ஓடிவருகிற மேட்டுப் பக்கத்தில் இருக்கிற நான்கு கிணறுகளில் மாதாமாதம் உப்பு அளக்க வேண்டும். கம்பெனியின் கழிவு எட்டாத இடம் அது, ஆகவே அங்கே காண்பதுதான் இந்த மண்ணின் இயல்பு. அதிலிருந்து ஒரு எல்லை கணக்கிட வேண்டும். சாமுண்டீஸ்வரியின் கிணறு அந்த எல்லையைத் தாண்டினால் சம்பத் தன் செலவில் குழியை மூடி, கழிவைக் குழாயில் தூரத்துச் சாக்கடைக்குக் கொண்டுபோக வேண்டும். தாண்டாவிட்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சம்பத் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். குடும்பத்துக்குள் சண்டை வராமல் இருக்க எண்கள் பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எண்கள் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் வேகாத பருப்பு. சாமுண்டீஸ்வரி கிணற்றில் உப்பு லிட்டருக்கு முன்னூற்றுப் பத்து மில்லிகிராம், எல்லை நானூற்று இருபது. கம்பெனி வருவதற்கு முன் அதே கிணற்றில் நூற்று நாற்பதுதான் இருந்தது.

அன்று பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பியதும் சுபத்ரா நேராக வில்பிரட் சாரிடம் போனாள். வில்பிரட் சார் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எப்போதும் ஏதாவது ஒரு கீர்த்தனையை முனகிக்கொண்டிருப்பார், சுருதி மட்டும் சேராது.

"சார், அந்த எல்லையை எப்படிப் போடறோம்?"

"கம்ப்யூட்டர் போடுதும்மா. நாலு கிணத்துக்கும் சராசரி. அதுக்கு மேல திட்ட விலக்கத்தை ரெண்டு மடங்கு கூட்டணும். அவ்வளவுதான். எல்லாரும் இப்படித்தான் போடறாங்க."

"எண்களை ஒரு தடவை பரப்பிப் பார்க்கலாமா சார்?"

அவர் தலையாட்டினார். சுபத்ரா, தண்ணீர் மாதிரி பிடிக்கும் பாட்டில்களின் பழைய மூடிகளை ஒரு கூடை எடுத்து வந்து, நீள மேஜைமேல் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று கட்டம் பிரித்தாள். இரண்டு வருடமாக நான்கு கிணறுகளிலும் அளந்த ஒவ்வொரு அளவுக்கும் அதன் கட்டத்தில் ஒரு மூடி. மேலே மேலே அடுக்கினாள். சராசரியும், எண்களின் சிதறலைச் சொல்லும் விலக்கமும் வைத்துப் போடும் எல்லை சரியாக வர வேண்டுமானால், அந்தக் குவியல் கவிழ்த்து வைத்த மணி மாதிரி நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் ஒரே போலச் சரிய வேண்டும். அதுதான் அந்தச் சூத்திரத்தின் நிபந்தனை. நிபந்தனையைப் படிக்காமல் சூத்திரத்தை மட்டும் போடுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

மணி வரவில்லை. நூறுக்கும் நூற்றைம்பதுக்கும் பக்கத்தில் ஒரு பெரிய குவியல், அதன் வலது கை மட்டும் இருநூறுக்குச் சற்று மேல் வரை நீண்டு சரிந்தது. அதற்கப்புறம் மேஜை காலியாகக் கிடந்தது. ரொம்ப தூரம் தள்ளி, அறுநூறுக்குப் பக்கத்தில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி ஐந்தாறு மூடிகள்.

வில்பிரட் சார் முனகலை நிறுத்தினார். "இது என்னம்மா, வேற ஊர்க்காரங்களா?"

"எல்லாம் அம்மன் கோயில் கிணறு சார். இந்த ஐந்தாறுதான் சராசரியைத் தூக்குது, விலக்கத்தை இன்னும் தூக்குது. அதனாலதான் எல்லை நானூத்தி இருபதுல போய் நிக்குது. மத்த எந்தக் கிணத்துலயும் நானூறு வந்ததே இல்ல. இதை எடுத்துட்டா..."

"எடுத்துட்டா உனக்கு வேண்டிய பதில் வரும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிடிக்காத நம்பரைத் தூக்கி எறிஞ்சா அது புள்ளியியல் இல்ல, பஞ்சாயத்து. அந்தக் கிணத்துல உப்பு நிஜமாவே ஏறி இறங்குதுன்னா, அதுதான் இந்த மண்ணோட குணம். ஏன் ஏறுதுன்னு காரணம் கொண்டு வா. காரணம் இருந்தா எடுக்கலாம். இல்லன்னா அது அங்கேயே உக்காரும்."

சுபத்ராவுக்குக் கோபம் வந்தது. சாமுண்டீஸ்வரியின் காப்பி இன்னும் நாக்கில் கரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்பதால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூடிகளைக் கலைக்காமல் பதிவேட்டில் தேதிகளைப் பார்த்தாள். தள்ளி உட்கார்ந்திருந்த எல்லாம் ஆடி, ஆவணி, புரட்டாசி மாத அளவுகள். மழை பிடித்ததும் கிணறு ஒன்றும் தெரியாதது போல நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. கோடையில் உப்பு ஏறினால் நியாயம் இருக்கிறது. ஆடியில் ஏன் ஏற வேண்டும்? அதுவும் நான்கில் ஒரு கிணறு மட்டும்?

தண்ணீர் மாதிரி எடுக்க அவள் போவது எப்போதும் திங்கட்கிழமை. கோயில் முன்வாசலில் மோட்டார் குழாய் இருக்கிறது, அதில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். கிணறு பின்பக்கம் வேப்பமரத்தடியில் இருக்கிறது என்று தெரியும், போய்ப் பார்த்ததில்லை. ஆடி நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

கோயில் தெருவில் நடக்க இடமில்லை. கூழ் ஊற்றுகிற பெரிய அண்டாக்கள், ஒலிபெருக்கி, மஞ்சள் புடவைகள். வாசலில் அங்காளம்மாள் உட்கார்ந்திருந்தார். கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்து அந்தத் தெருவில் விற்கிறவர். அவர் கூடையில் அன்று மீன் இல்லை, சின்னச் சின்ன பாலிதீன் பொட்டலங்கள் இருந்தன.

"என்னக்கா, மீன் இல்லையா?"

"ஆடி வெள்ளியில எவன் மீனு வாங்குவான்? சொம்மா குந்திகினு இருந்தா வவுறு கேக்குமா. உப்பு மொளகு பொட்டலம். வாங்கிப் போடு, நோவு நொடி கஷ்டம் அல்லாம் உப்பு மாரி கரைஞ்சிடும். நீ இன்னும் கண்ணாலம் கட்டிக்கல போலக்கீது, ரெண்டா வாங்கிக்க."

ஒன்று வாங்கிக்கொண்டாள். கோயிலில் உப்பும் மிளகும் போடுவது புதிதா என்ன, பலிபீடத்தில் போடுவார்கள், அவளுக்கும் தெரியும். ஆனால் பீடத்தில் உப்பைக் காணோம். வரிசை பீடத்தைத் தாண்டி, பிராகாரத்தைச் சுற்றி, பின்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வரிசைக்கு முதல் ஆளாக, மடி நிறைய உப்போடு, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் சாமுண்டீஸ்வரி. கண்ணை மூடி வாய்க்குள் எதையோ வேண்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கிணற்றில் போட்டார். அவருக்குப் பின்னால் தெருவே நின்று போட்டது. உள்ளே கல்லுப்பு விழும் சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி கேட்டது.

சுபத்ராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் மேஜையில் தள்ளி உட்கார்ந்திருந்த மூடிகள் ஞாபகம் வந்தன.

"அக்கா, கிணத்துல எதுக்குப் போடறீங்க? பீடத்துலதானே போடுவாங்க?"

"பீடத்துல போட்டா எப்ப கரையிறது?" என்றார் சாமுண்டீஸ்வரி, முந்தானையை உதறிக்கொண்டே. "மழை பேஞ்சாத்தான் கரையும். போன வருசத்துக்கு மொத வருசம் நான்தான் ரோசனை பண்ணேன், கெணத்துல போட்டா அப்பவே கரைஞ்சிடுமேன்னு. அப்பால எல்லாரும் இங்கதான் போடறாங்க. மூட்டை மூட்டையா போவுது."

"நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"வேற இன்னா வேண்டுவேன்? எங்கூட்டுக் கெணத்துல உப்பு கரைஞ்சி போயி, பழைய தண்ணி வரணும்னுதான். ஆவணிக்குள்ள வந்துச்சின்னா மூட மாட்டாங்க இல்ல?"

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பக்தியில் அவசரப்பட்டவரை என்னவென்று சொல்வது? சுபத்ரா அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வேப்பமரத்தடி மேடையில் உட்கார வைத்தாள். மெதுவாகச் சொன்னாள். உங்கள் கிணற்றில் உப்பு அதிகமா இல்லையா என்று இன்னொரு கிணற்றோடு வைத்துத்தான் பார்க்கிறோம். அப்படி வைத்துப் பார்க்கிற கிணறுகளில் இதுவும் ஒன்று. இதில் உப்பு ஏற ஏற எல்லையும் ஏறும். எல்லை ஏற ஏற, உங்கள் கிணறு அதற்குக் கீழேயே கிடக்கும்.

சாமுண்டீஸ்வரி கையை விரித்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு வருசமா என் கெணத்துக்கு நானே உப்பு போட்டுகினு இருந்தேனா?"

"உங்க கிணத்துக்கு இல்ல அக்கா. அளவுகோலுக்கு."

"அதுக்கு என் கெணத்துலயே போட்டிருக்கலாம்," என்றார் சாமுண்டீஸ்வரி. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். சுபத்ரா வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேஜைமேல் மூடிகள் அப்படியே இருந்தன. காரணத்தைக் கேட்ட வில்பிரட் சார் வயிறு குலுங்கச் சிரித்தார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்னு சொல்வாங்க. நம்ம கம்ப்யூட்டர் நினைச்சிருக்கு பாரு," என்றார். பிறகு அவரே தள்ளியிருந்த மூடிகளை எடுத்துக் கூடையில் போட்டார். மண்ணின் குணம் அல்ல அது, மனிதர்கள் கொட்டியது.

மிச்சம் இருந்த பெரிய குவியலும் மணி வடிவத்தில் இல்லை, வலது பக்கம் சரிந்துதான் கிடந்தது. அந்தச் சரிவின் கடைசியில் தனியாக ஒரு மூடி, இருநூற்றுப் பதினான்கு. நான்கில் இன்னொன்றான பள்ளிக்கூடக் கிணறு, போன வருடம் சித்திரை. சுபத்ராவின் விரல் அதன்மேல் போய் நின்றது. அதுவும் இல்லையென்றால் எல்லை இன்னும் இறங்கும்.

"அதைத் தொடாதே," என்றார் வில்பிரட் சார். "கோடையில கிணறு வத்தினா உப்பு ஏறத்தான் செய்யும். அதை யாரும் போடல."

"தெரியும் சார்." விரலை எடுத்துக்கொண்டாள். "மணியே வராதப்ப சராசரி சூத்திரம் எதுக்கு? எல்லாரையும் வரிசையில நிக்க வெச்சு, கடைசியில நிக்கிறவனையே எல்லையா வெச்சுடலாம். இந்த மண்ணு தானா காட்டின அதிகபட்ச உப்பு அதுதான். அதைத் தாண்டினா வேற எங்கேருந்தோ வருதுன்னு அர்த்தம்."

"சரி. ஆனா ஒண்ணு. சம்பத்தைக் கூப்பிட்டு, எல்லையை முதல்ல எழுதிக் கையெழுத்து வாங்கணும். அதுக்கப்புறம்தான் அந்தக் கிணத்துல புதுசா தண்ணி எடுக்கணும். பதிலைப் பாத்துட்டு எல்லை போட்டாங்கன்னு நாளைக்கு அவர் சொல்லக் கூடாது பாரு."

சம்பத் வந்தார். உப்புக் கதையைக் கேட்டார். அண்ணியைப் பற்றி அவருக்குத் தெரியும், நம்பினார். ஆனாலும் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. "அந்தப் பழைய முன்னூத்திப் பத்தை வெச்சு முடிவு பண்ண மாட்டீங்களே?" என்றார்.

"மாட்டோம் சார். புதுசா எடுக்கிறதுதான்."

கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடிய அன்று சாயங்காலமே தாம்பரம் பக்கம் முழுக்க மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, வேளச்சேரி சாலையில் பஸ் நின்றுபோகிற மழை. மறுநாளும் பெய்தது. சுபத்ரா மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, யாருமே மழையைத் திட்டாத அந்த ஊரில், மனதுக்குள் மழையைத் திட்டினாள். மேலேயிருந்து விழும் நல்ல தண்ணீர் கிணற்றில் கலக்கும். உப்பு நீர்த்துப்போகும். முன்னூற்றுப் பத்து எங்கே இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் கழித்து எடுக்கலாமே என்று ஆசை வந்தது. சம்பத் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் தேதி இருந்தது, புதன்கிழமை. புதன்கிழமையே எடுத்தாள்.

சோதனைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். சாமுண்டீஸ்வரி, பொன்னுரங்கம், சம்பத் மூவரும் ஸ்டூல்களில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜாதகம் பார்க்க வந்தவர்கள் மாதிரி யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சுபத்ரா விளக்கினாள். கிணற்றுத் தண்ணீரில் ஒரு மருந்தைச் சொட்டினால் மஞ்சளாகும். மேலே நிற்கிற கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி உப்புக் கரைசலைத் துளித் துளியாக விடவேண்டும். தண்ணீரில் உள்ள உப்பெல்லாம் தீர்கிற வரைக்கும் மஞ்சள் மாறாது. தீர்ந்தவுடன் செங்கல் நிறம் வரும். உப்பு எவ்வளவோ அவ்வளவு கரைசல் குடிக்கும். குழாயில் இருநூற்றுப் பதினான்குக்கு உரிய இடத்தில் பிளாஸ்டர் துண்டு ஒன்று ஒட்டினாள்.

"கரைசல் இந்தக் கோட்டுக்கு வர்றதுக்குள்ள சிவந்துட்டா, தண்ணி எல்லைக்குள்ள. கோட்டைத் தாண்டியும் மஞ்சளாவே இருந்தா, தாண்டிடுச்சு."

முதலில் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீர். கோட்டுக்கு வெகு முன்னாலேயே சிவந்தது. "ஆங்," என்றார் பொன்னுரங்கம், புரிந்துவிட்ட திருப்தியில்.

பிறகு சாமுண்டீஸ்வரியின் கிணறு. சுபத்ரா இடது கையால் திருகைப் பிடித்துக்கொண்டு வலது கையால் குடுவையைச் சுழற்றினாள். துளி விழுந்த இடம் சிவந்தது, சுழற்றினால் மறைந்தது. கரைசல் இறங்கிக்கொண்டே வந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, துளி விழுந்த சிவப்பு மறைய முன்னைவிட நேரம் எடுத்தது. சம்பத் ஸ்டூலிலிருந்து எழுந்தார். சுபத்ரா திருகை இறுக்கி, துளிகளின் வேகத்தைக் குறைத்தாள். மழை ஜெயித்துவிட்டதா? அவளுடைய ஆசைக்கும் கைக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்த துளியை விட்டாள். சுழற்றினாள். மஞ்சள். அடுத்தது. மஞ்சள். பிளாஸ்டரின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு. மஞ்சள். கோடு மேலே போய்விட்டது, துளிகள் விழுந்துகொண்டே இருந்தன. இருநூற்று அறுபத்தெட்டில்தான் செங்கல் நிறம் வந்து நிலைத்தது.

"தாண்டிடுச்சு," என்றாள் சுபத்ரா.

சாமுண்டீஸ்வரி எழுந்து வந்து குடுவையைக் குனிந்து பார்த்தார். தன் தண்ணீர் கெட்டுப்போய்விட்டது என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட முகத்தை அந்தக் கூடம் அதற்கு முன் பார்த்ததில்லை. "நான் சொன்னேன் இல்ல?" என்றார் கணவரிடம். "என் நாக்கு பொய் சொல்லலைன்னு சொன்னேன் இல்ல?" பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். மனைவியின் நாக்கைப் பற்றி அவருக்கு வேறு அபிப்பிராயங்கள் இருந்தாலும், இந்த விஷயத்தில் தோற்றுவிட்டார்.

சம்பத் நின்றபடியே பிளாஸ்டர் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் என்னா," என்றார். "குழாய் போட்டுடறேன் அண்ணி. அது வரைக்கும் வீட்டுக்குக் கேன் அனுப்பறேன்."

"உன் கேன் தண்ணில காப்பி வெச்சா பச்சைத் தண்ணி மாரி கீது," என்றார் அண்ணி. ஆனாலும் அனுப்பச் சொன்னார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் அந்த வீட்டுக்கு லாரி மண் வரவில்லை. பக்கத்து மனையில் குழி மூடினார்கள், குழாய் புதைத்தார்கள். ஐப்பசி மழை தண்ணீரைக் கிணற்றின் பாதிப் படி வரை ஏற்றியது. கார்த்திகையில் ஒரு மத்தியானம் சாமுண்டீஸ்வரி மாடிப்படி ஏறி வந்து, மேஜைமேல் ஒரு டப்பா சோறும் ஒரு தூக்குச்சட்டியும் வைத்தார். தூக்குச்சட்டியைத் திறந்ததும், முன்பு மூடிகள் பரப்பியிருந்த அந்த மேஜை முழுக்கப் பெருங்காயம் மணத்தது. சாம்பாரில் பருப்பு இருக்கிற இடமே தெரியவில்லை, அப்படிக் குழைந்திருந்தது. வில்பிரட் சார் கீர்த்தனையை விட்டுவிட்டுத் தட்டு தேடினார்.

"மூணே விசிலு," என்றார் சாமுண்டீஸ்வரி. "அம்மன் கேட்டுட்டா."

சுபத்ரா மறுக்கவில்லை. யார் கேட்டால் என்ன, தெருப் பெண்கள் மறுபடி அந்தக் கிணற்றடிக்கு வந்துபோவதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

"வேண்டுதல் ஒண்ணு பாக்கி கீது சுபத்ரா. தண்ணி திரும்புனா என் எடைக்கு எடை உப்பு போடறேன்னு அம்மன் கிட்ட சொல்லியிருந்தேன்."

சுபத்ராவின் வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது. சாமுண்டீஸ்வரியை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். எழுபது கிலோவுக்குக் குறையாது.

"அக்கா, கிணத்துல..."

"பயப்படாத. பீடத்துலதான் போடுவேன்." சாமுண்டீஸ்வரி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். "கரையிறப்ப கரையட்டும். எனக்கு இப்ப ஒரு அவசரமும் இல்ல."